ஏழு, மைனஸ் பதினாலு

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கம்பெனி ரெப் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நான் வேலை பார்க்கும் மெடிக்கலில் இருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் இவர் காற்றாலை சைட்டில் இருந்து பைக்கில் பறந்து வந்துவிட்டார். கையில் போன். பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்கு யுனிவர்சிட்டி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கிறதாம். ஜூலை முடிவில் பரீட்சை. இதை விட்டால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் கிடையாது.

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் "குற்றாலிங்கம், பி.இ." என்றுதான் அச்சடித்திருந்தார்கள். மறுவீட்டுக்குப் போய்விட்டு வரும்போது பஸ்ஸில்தான் மெதுவாகச் சொன்னார், ஒரே ஒரு பேப்பர் பாக்கி என்று. 'எம் ஒன்' என்பார்கள், முதல் வருஷக் கணக்கு. அதற்குப் பிறகும் எழுதிப் பார்த்தார், தேறவில்லை. அப்படியே விட்டுவிட்டார். சைட்டில் இவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் இன்ஜினியர். இவர் மட்டும் சூப்பர்வைசர். சம்பளத்தைவிட அந்தப் பெயர்தான் இவரை அரிக்கிறது, எனக்குத் தெரியும்.

இதுவரைக்கும் நல்ல செய்திதான். அடுத்து ஒன்று சொன்னார். என் அக்கா வடிவின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறாரே, அவர் கம்பெனியில் காற்றாலைக்கு இன்ஜினியர் எடுக்கிறார்களாம். அனுபவம் போதும், டிகிரி மட்டும் கையில் வேண்டுமாம்.

"பாஸாயிட்டா போயிரலாம்ளா. ரெண்டு வருஷம், அப்புறம் இன்னும் ரெண்டு வருஷம். நீ என்ன சொல்லுத?"

"உங்க இஷ்டம்" என்றேன். வேறு என்ன சொல்ல? அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 5, புதன்

திருநெல்வேலி போய் கைடு வாங்கி வந்துவிட்டார். செங்கல் தடிமன். கணக்கு பாதிப் பக்கம், விடை பாதிப் பக்கம். இவருக்கு ஒரு வியாதி, கணக்கைப் போடும்போதே கண் விடைக்கு ஓடிவிடும். காலேஜிலேயே அப்படித்தானாம். அதனால் கைடு என் கையில் இருக்க வேண்டும், நான் கணக்கை மட்டும் வாசிக்க வேண்டும், அவர் போட்டு முடித்ததும் விடை சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூவில் பிசினஸ் மேத்ஸ் படித்ததோடு சரி, எனக்கு இது எதற்கு? ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் கணக்கு. ஒரு கட்டம். மேல் வரிசையில் 4, 1. கீழ் வரிசையில் 2, 3. பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! நாலே எண்.

முதலில் ஐகன் வேல்யூ என்று ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். இவருக்கு 5, 2 என்று இரண்டு வந்தது. கைடிலும் 5, 2. கை தட்டினேன். எங்கள் யூகேஜி மகள் தாமிரா தெருவில் விளையாடிவிட்டு வந்த வேகத்தில் அதுவும் சேர்ந்து தட்டியது. பிறகு ஒவ்வொரு ஐகன் வேல்யூவுக்கும் ஐகன் வெக்டர் என்று ஒரு ஜோடி எண் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்துக்கு 1, 1. அதுவும் சரி. இரண்டுக்கு இவர் எழுதியது: -1, 2.

கைடில் 1, -2.

"தப்பு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். மைனஸ் இடம் மாறிட்டு."

திரும்பப் போட்டார். திரும்பவும் -1, 2. மூன்றாவது தடவை பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போட்டார். அதே -1, 2. தாளின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். பணகுடியில் ஜூன் மாதக் காற்றில் மொட்டைமாடியில் நிற்க முடியுமா? அப்படியும் நின்றார்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மூன்று தடவை ஒரே தப்பு எப்படி வரும்? தப்பு செய்கிறவன் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தப்பல்லவா செய்வான்?

ஜூன் 12, புதன்

இன்றும் வெக்டர் தப்பு. சாம்பாரில் உப்பும் தப்பு.

ஜூன் 16, ஞாயிறு

வள்ளியூரில் வடிவு அக்கா வீடு. புதிதாக மாடி எடுத்திருக்கிறாள். தரை முழுக்க வழுவழு என்று ஒரு கல், தாமிரா வழுக்கி விழுந்து முழங்காலில் அடி. அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் தண்ணீர்ச் சொம்பை முன்னால் இழுத்து, போனை அதில் சாய்த்து வைத்தாள். அத்தான் அந்தப் பக்கம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "குழம்புல என்ன மீனு?" என்று அத்தான் கேட்டார். "சாளை" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவர் அங்கே மென்றார், இவள் இங்கே மென்றாள்.

"தெனமும் இப்பிடித்தானா அக்கா?" என்று கேட்டேன்.

"பின்ன? நெட்டு இல்லாத அன்னைக்கு வெறும் சொம்பு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இவர் அத்தானிடம் மஸ்கட்டில் காற்று எப்படி, கோபுரம் எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று கணக்கில் நானே இறங்கிவிட்டேன். "எங்க தப்பு வருதுன்னு நான் பாக்கேன், தாங்க" என்று தாளைப் பிடுங்கினேன்.

இரண்டு சமன்பாடு வருகிறது. முதலாவது: 2x + y = 0. இரண்டாவது: 2x + y = 0.

"ரெண்டும் ஒண்ணால்லா இருக்கு?"

"ஆமா. அப்பிடித்தான் வரும்."

"அப்போ x எவ்வளவு, y எவ்வளவுன்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. x-க்கு நாமளா ஒண்ணு வச்சுக்கிட வேண்டியதுதான்."

"நாமளாவா? யாரு வைக்கது?"

"எவனோ ஒருத்தன்ளா! எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் பெயிலாகேன்?"

பிசினஸ் மேத்ஸில் எங்கள் சார் இப்படி எல்லாம் விடவே மாட்டார். x என்றால் அதற்கு ஒரு விலை உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். இவர்கள் கணக்கில் ஆளாளுக்கு வைத்துக்கொள்ளலாமாம்! அப்படி வைத்துக்கொள்ளலாம் என்றால் இவர் வைத்தது மட்டும் எப்படித் தப்பாகும்? கேட்க நினைத்தேன். அதற்குள் தாமிரா தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

ஜூலை 4, வியாழன்

இன்று மெடிக்கலில் ஒரு ஆச்சி, கையில் காலி மாத்திரை அட்டை. பச்சை எழுத்து. எங்களிடம் அந்தக் கம்பெனி இல்லை, சிவப்பு எழுத்து அட்டைதான் இருந்தது. "பச்சதான் வேணும். இது வேற" என்று நின்றுவிட்டது. கடை முதலாளி ஐசக் அண்ணாச்சி உள்ளே இருந்து, "கோமதி, நீ சொல்லிப் புரிய வையி" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஆச்சி. மருந்து ஒண்ணு, அட்டைதான் வேற."

"இதுல எரநூத்தம்பதுன்னு போட்ருக்கு, அதுல ஐநூறு."

"இதுல ரெண்டு போடுங்க, அதுல ஒண்ணு. அதே மருந்துதான், அளவுதான் வேற."

சொல்லிவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். சில்லறை வாங்கக்கூடக் கை நீட்டவில்லை. ஆச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்ததும், இவர் வருவதற்குள், கைடில் யாருமே படிக்காத முதல் பக்கத்தை எடுத்தேன். அங்கே போட்டிருக்கிறது, ஐகன் வெக்டர் என்றால் என்ன என்று. கட்டத்தை அந்த ஜோடியால் பெருக்கினால், அதே ஜோடி ஐகன் வேல்யூ மடங்காகத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். வேறு நிபந்தனை கிடையாது.

இவருடைய -1, 2. பெருக்கிப் பார்த்தேன். மேல் வரிசை: நாலு தடவை மைனஸ் ஒன்று, ஒரு தடவை இரண்டு, கூட்டினால் மைனஸ் இரண்டு. கீழ் வரிசை: இரண்டு தடவை மைனஸ் ஒன்று, மூன்று தடவை இரண்டு, கூட்டினால் நான்கு. போனது -1, 2. வந்தது -2, 4. அப்படியே இரண்டு மடங்கு!

கைடின் 1, -2 பெருக்கினேன். 2, -4. அதுவும் இரண்டு மடங்கு.

சும்மா 1, 2 போட்டுப் பார்த்தேன். 6, 8 வந்தது. எந்த மடங்கும் இல்லை. ஆக, எல்லாமும் சரியாகிவிடாது. ஆனால் இவர் போட்டது சரி. முதல் நாளில் இருந்தே சரி. கோடு இழுத்து அடித்த தாள் எல்லாம் சரி.

இவர் வந்ததும் சொல்ல வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

நேற்று சொல்லவில்லை. பருப்பு வேகவே இல்லை, குக்கர் வாஷர் போய்விட்டது.

ஜூலை 7, ஞாயிறு

மூன்றுக்கு மூன்று கட்டம். மேல் வரிசை 2, 0, 1. நடு வரிசை 0, 2, 0. கீழ் வரிசை 1, 0, 2. ஐகன் வேல்யூ ஒன்று, இரண்டு, மூன்று, சரியாகக் கொண்டுவந்துவிட்டார். ஒன்றுக்கு வெக்டர் -1, 0, 1 என்று எழுதி என் முகத்தைப் பார்த்தார். கைடில் 1, 0, -1.

"கைடுல வேற மாதிரி போட்டிருக்கு" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? கைடில் வேறு மாதிரிதான் போட்டிருக்கிறது. தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அவராகத்தான் அடித்தார்.

ஜூலை 11, வியாழன்

இன்று தாளைக் கசக்கிச் சுவரில் எறிந்தார். "எனக்கு மூளையே கிடையாது கோமு. இன்ஜினியராம் இன்ஜினியர்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். தாமிரா தாளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "அப்பா பெயிலா?" என்று கேட்டது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். அப்போதுதான் வடிவு அக்கா போன் பண்ணினாள். அந்த மஸ்கட் வேலைக்கு வேறு ஆள் போடவில்லையாம், இவர் ரிசல்ட்டுக்காக அத்தான் பேசி நிறுத்தி வைத்திருக்கிறாராம். நல்ல மனுஷன்தான். அவர்மேல் எனக்கு எதற்குக் கோபம் வர வேண்டும்? வந்தது.

வாயை மூடிக்கொண்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜூலை 13, சனி

சைட்டில் இருந்து சீக்கிரம் வந்துவிட்டார். கூட வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவரிடம் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டாராம். "என்ன சந்தேகம்?" என்று நான் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ கேட்க வந்தவர், காபி மட்டும் கேட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

ஒன்றும் விளங்கவில்லை. பழைய கட்டத்தையே, அந்த 4, 1, 2, 3-ஐயே, திரும்பப் போட்டார். இரண்டுக்கு வெக்டர் எழுதினார்: 7, -14.

ஏழு! எங்கே இருந்து ஏழு? கட்டத்தில் ஏழு கிடையாது, சமன்பாட்டில் கிடையாது, எங்கேயும் கிடையாது.

"என்ன போட்டிருக்கு கைடுல?" என்றார்.

"1, -2."

"அப்போ நான் போட்டது?"

"கைடுல வேற."

"சரி" என்றார். கோடு இழுக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டார். பாவம், அடி வாங்கி வாங்கி மரத்துப்போய்விட்டது போல.

பெருக்கிப் பார்த்தேன். 14, -28. இரண்டு மடங்குதான். அதுவும் சரிதான். ஆனால் ஏன் ஏழு?

ஜூலை 21, ஞாயிறு

இன்று 100, -200. அடுத்த கணக்கில் கைடில் 1, 0, -1 என்று இருக்கும் இடத்தில் இவர் 55, 0, -55. எழுதும்போது உதட்டுக்குள் சிரிக்கிறார். குளிக்கும்போது பாட்டு. பரீட்சை நெருங்க நெருங்க இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படிப்பு முற்றிப்போய் மூளை பிசகினவர்கள் உண்டு என்று அம்மா சொல்லுவாள்.

ஜூலை 22, திங்கள்

ஐசக் அண்ணாச்சியிடம் மூளைக்கு ஒரு டானிக் கேட்டேன். "ஒனக்கா, வீட்டுக்காரருக்கா?" என்றார். "அவங்களுக்குத்தான்." "கணக்கு வரலன்னா டானிக் என்னம்மா செய்யும்? சரி, கொண்டுபோ, பசியாவது எடுக்கும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்.

இவர் இரண்டு மூடி குடித்துவிட்டு, "எனக்கு எதுக்குட்டி? நீயும் ரெண்டு மூடி குடி" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னாரோ. குடித்தேன். ஒரே கசப்பு.

ஜூலை 29, திங்கள்

நாளைக்குப் பரீட்சை. சட்டை தேய்த்தேன். காலர் கருகிவிட்டது. வேறு சட்டை தேய்த்தேன்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இப்படியே நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும்? பரீட்சையில் சரியாகப் போடுவார், தப்பென்று நினைத்து அடித்துவிடுவார். பெயில். மஸ்கட் கிடையாது. சாயங்காலம் பைக் சத்தம் கேட்கும், மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். நான் கேட்டது இதைத்தானே? கிடைக்கப்போகிறது. அப்புறம் ஏன் சட்டையைக் கருக்கினேன்?

தனக்கு மூளை இல்லை என்று சாகும்வரை நினைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்தச் சாப்பாடு எனக்கு எப்படி இறங்கும்?

ஜூலை 30, செவ்வாய்

அண்ணாச்சியிடம் லீவு சொல்லிவிட்டு, தாமிராவை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நானும் கூடவே போனேன். திருநெல்வேலியில் ஒரு காலேஜ். வாசலில் அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வழுக்கைத் தலைகள், தொப்பைகள், ஒருவர் கழுத்தில் பேங்க் அடையாள அட்டை, ஒரு அம்மா கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லார் கையிலும் அதே கைடு. எல்லார் முகத்திலும் இவர் முகம்.

வேப்பமரத்தடியில் நின்றோம். மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கேட்டா வைவிய."

"சொல்லு."

"நீங்க போட்டது எல்லாம் சரி. முத நாள்ல இருந்தே சரி. மைனஸ் மாறினாலும், மடங்கு மாறினாலும் அது ஒண்ணுதான். கைடுக்காரன் ஒண்ணு வச்சான், நீங்க ஒண்ணு வச்சிய. கட்டத்தால பெருக்கிப் பாத்தா தெரியும். எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். தெரிஞ்சே சொல்லல. ஹால்ல அடிச்சிராதிய, ஒண்ணையும் அடிச்சிராதிய."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பேங்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

இவர் பாட்டிலை வாங்கி, நிதானமாகத் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"தெரியும்ளா."

"என்ன தெரியும்?"

"பின்ன, ஏழு எங்க இருந்து வந்துச்சுன்னு நெனச்ச? சைட்டுல கேட்டேன்லா, அன்னைக்கே சொல்லிட்டாவ. ஒனக்குத் தெரியுமா தெரியாதான்னு பாக்கத்தான் ஏழு போட்டேன். நீ அடுப்படியில ஒக்காந்து பெருக்கிப் பாத்தத நான் பாத்தேன். பாத்துட்டு வந்தும் ஒண்ணும் சொல்லல நீ."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. ரெண்டு நாளு. அப்புறம் நெனச்சேன், இவளுக்கு நம்ம போறது அவ்வளவு புடிக்கல போலன்னு. கடைசி வரைக்கும் நீ சொல்லலன்னா, பேப்பர மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சு வந்துரலாம்னு இருந்தேன்." சட்டைப்பையில் பேனாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "சொல்லிட்டியே. நீயே போகச் சொல்லிட்ட. இனி நிம்மதியா எழுதுவேன்."

மணி அடித்துவிட்டது. இவர் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டார்.

போகச் சொன்னேனா? எப்போது சொன்னேன்? நான் சொன்னது கணக்கைப் பற்றி அல்லவா! வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் இருந்திருந்தால் இவர் போயிருக்க மாட்டார். சொன்னதால் போகப்போகிறார். இந்தக் கணக்கு எந்த கைடில் இருக்கிறது?

ஆகஸ்ட் 9, வெள்ளி

காற்று. கொடியில் காயப்போட்ட இவர் பனியன் மூன்றாவது வீட்டு முருங்கைமரத்தில். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாராம். கட்டக் கணக்குக்குக் கடைசியில் பெருக்கி வேறு காட்டிவிட்டு வந்தாராம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். ரிசல்ட் வரும் முன்னாலேயே! தாமிரா அதற்குள் உட்கார்ந்து விளையாடுகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

பாஸ்.

இவர் அண்ணாச்சி கடை வாசலில் நின்று போனில் பார்த்துவிட்டு, ரோடு என்றும் பாராமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணாச்சிக்கு லட்டு. எதிர் டீக்கடைக்கு லட்டு. வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்து எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். ஓரத்தில் தடவிய மஞ்சள் மங்காமல் அப்படியே இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'பி.இ.' மேல் விரலை வைத்தார்.

"இப்பத்தான்ளா இது உண்மை."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வடிவு அக்கா போன் பண்ணிவிட்டாள். விசா வேலை அடுத்த வாரமாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் சூட்கேஸைக் கூடத்தில் திறந்துவைத்தார். தேய்த்த சட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சாளைதான்.

"அத்தான் கம்பெனிக்கு இன்னைக்குள்ள பதில் சொல்லணுமாம். என்ன சொல்லுத கோமு?"

"உங்க இஷ்டம்."

அடுக்குவதை நிறுத்தினார். அடுப்படிக்கு வந்து என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அது கைடுல போட்டிருக்க பதிலு. ஜூன் மாசமும் அதத்தான் சொன்ன. ஒம் பதில் என்னன்னு கேக்கேன்."

மீன் செதில் கையெல்லாம் ஒட்டியிருந்தது. முகத்தைத் துடைக்கக்கூட முடியவில்லை. எத்தனையோ வருஷமாக இந்த மனுஷனிடம் எதைக் கேட்டாலும் உங்க இஷ்டம், உங்க இஷ்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். வேண்டாம் என்பதற்குக்கூட கைடைப் பிடித்துக்கொண்டல்லவா சொல்லியிருக்கிறேன்.

"போவாதிய" என்றேன். "எனக்கு நீங்க போறது புடிக்கல. சொம்புல சாத்தி வச்ச போனப் பாத்து எனக்குச் சாப்பிட முடியாது. நீங்க இன்ஜினியர்தான், இங்கயே இன்ஜினியரா இருங்க. போவாதிய."

இவர் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். ரொம்ப நேரம் பேசினார். காற்றில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. நான் குழம்பைக் கூட்டி, கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு இறக்கியே விட்டேன். அப்புறம்தான் இறங்கி வந்தார்.

"சோறு ஆயிட்டா?"

தட்டு வைத்தேன். தாமிராவும் வந்து உட்கார்ந்தது. இரண்டு வாய் சாப்பிட்டபிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"அத்தான் என்ன சொன்னாவ?"

"வேற ஆளப் பாத்துக்கிடுதாவளாம்."

முகத்தைப் பார்த்தேன். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இத்தனை வருஷம் பார்த்த முகம், ஒன்றும் பிடிபடவில்லை.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். நல்லாவே இருக்கு."

"எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்றேன். நானும் பொய் சொல்லவில்லை.

"ரெண்டும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, நடுத்துண்டு மீனை எடுத்து முள் பார்த்துத் தாமிராவின் தட்டில் வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். சூட்கேஸ் கூடத்தில் அப்படியே திறந்து கிடக்கிறது. நாளைக்கு நான்தான் சட்டைகளை எடுத்து பீரோவில் அடுக்க வேண்டும்.